ஹெபடைடிஸ் சி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தெரிவதெல்லாம் வைரஸ் அல்ல

ஆய்வகங்களில் வளர்க்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் ரகமான ஜேஎஃப்ஹெச்-1இன் ஆர்என்ஏவை மின்துடிப்பால் ஹுஹ்-7.5 என்ற கல்லீரல் புற்றுநோய் செல்களுக்குள் செலுத்தி, நாலு மணி நேரம் கழித்து ஆர்என்ஏவை அளக்கும் ஆர்டி-பிசிஆர் சோதனையை ஓட்டினால் அளவு எகிறிக் காட்டும். அது பெருக்கம் அல்ல. நாம் ஊற்றியதுதான் திரும்பத் தெரிகிறது. 4, 24, 48, 72 மணி நேரங்களில் செல்களை எடுத்து, ஒவ்வொரு முறையும் ஜிஎன்டி ஆர்என்ஏவையும் பக்கத்தில் ஓட்டுங்கள். வைரஸ் ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதியான என்எஸ்5பி பாலிமரேஸின் ஜிடிடி எனும் செயல் மையத்தில் ஒரே அமினோ அமிலம் மாற்றப்பட்டதால் பெருகவே முடியாத ஆர்என்ஏ அது. அதன் கோடு நாளுக்கு நாள் சரிய, உங்கள் கோடு நிமிர்ந்தால்தான் பெருக்கம் என்று எழுதலாம். ஜிஎன்டியும் சரியாமல் நின்றால், அந்த ஆர்என்ஏவைத் தயாரிக்க வார்ப்பாக வைத்த பிளாஸ்மிட் டிஎன்ஏ மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போட்டால் மட்டும் போதாது. ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றும் வேண்டும்; அதிலும் அளவு தெரிந்தால் அது மிச்ச டிஎன்ஏதான்.

ஹுஹ்-7.5 செல்களில் வைரஸ் நன்றாக வளர ஒரு காரணமாகச் சொல்லப்படுவது, வைரஸை உணர்ந்து இன்டர்ஃபெரான் எனும் வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைத் தூண்டும் ரிக்-ஐ என்ற எச்சரிக்கைப் புரதம் அவற்றில் பழுதாகியிருப்பது. அதே செல்களில் இன்டர்ஃபெரான் தூண்டப்படவில்லை என்று கண்டு, வைரஸ் அதை அடக்கிவிட்டது என எழுதுவது அபத்தம். ஜேஎஃப்ஹெச்-1 மரபணு வகை 2ஏவைச் சேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அதில் கிடைத்த மருந்து அளவை 1பி, 3 வகைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது.

நோயாளி மாதிரிகளில் கோளாறு ரத்தம் எடுக்கும் குழாயிலேயே தொடங்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஹெப்பாரின் பிசிஆரைத் தடுக்கும். ஆகவே அதற்குப் பதில் ஈடிடிஏ சேர்த்த குழாய். பிளாஸ்மாவை 6 மணி நேரத்துக்குள் பிரிப்பது பாதுகாப்பான பழக்கம். சிறு சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயை உருக்கி உறைய வைத்துக்கொண்டிருந்தால் ஆர்என்ஏ சிதையும்.

ஆன்டிபாடி பாசிட்டிவ் என்பதால் ஒருவரைத் தொற்றாளர் பட்டியலில் சேர்க்காதீர்கள். குணமான பிறகும் அது பல ஆண்டுகள் பாசிட்டிவாகவே நிற்கும். தொற்றிய முதல் சில வாரங்களிலோ ஆர்என்ஏ இருந்தும் ஆன்டிபாடி தெரியாது. எண்களிலும் நிதானம் வேண்டும். வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 8 லட்சம் ஐயூவிலிருந்து (சர்வதேச அலகு) 4 லட்சமாக இறங்கினால் பெரிதாகத் தெரியும். பத்தின் அடுக்குகளில் எண்ணும் லாக் கணக்கில் அது 0.3தான், சோதனையின் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும். ‘15 ஐயூவுக்குக் கீழ், ஆனால் தென்பட்டது’, ‘தென்படவில்லை’ இரண்டும் வேறு வேறு முடிவுகள். தரவுத் தாளில் இரண்டையும் பூஜ்யம் என்று நிரப்பினால் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

சிகிச்சை முடிந்து ஆர்என்ஏ மீண்டும் தோன்றினால் பழைய வைரஸ் திரும்பியதா, புதிதாகத் தொற்றியதா? வைரஸ் ஆர்என்ஏவின் 5' முனைப் பகுதி எல்லா வகைகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் அதன் வரிசை இதற்கு உதவாது; என்எஸ்5பி அல்லது வைரஸ் உறைப் புரதமான இ2வின் மாறுமிகு பகுதியை ஒப்பிட வேண்டும். சிகிச்சைக்கு முந்தைய மாதிரி கைவசம் இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கே பதில் கிடைக்காது.

பங்கேற்பாளர் தேர்விலும் ஒரு பொறி உண்டு. நேரடி வைரஸ் எதிர்ப்பு மருந்துகளின் சோதனைகளில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களைப் பொதுவாக விலக்கியிருந்தார்கள். அதனால் சி அடங்கியதும் பி கிளர்ந்தெழும் ஆபத்து சோதனைகளில் தென்படவில்லை. மருந்து புழக்கத்துக்கு வந்த பின்பே வெளிப்பட்டது. 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருந்து விவரத் தாளில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. முதல் மாத்திரைக்கு முன்பே ஹெபடைடிஸ் பி தொற்றைக் காட்டும் ரத்தச் சோதனைகளான ஹெச்பிஎஸ் ஆன்டிஜென், ஆன்டி-ஹெச்பிசி இரண்டையும் பாருங்கள்.