திறந்தமூலக் கருவிகளை ஐ.ஓ.டி. கிளவுட்டுடன் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிரறைகளின் வெப்பநிலையை அளந்து கிளவுட்டுக்கு (இணையம் வழியாக எட்டும் தொலை சேர்வர்களுக்கு) அனுப்பும் சிறு ஐ.ஓ.டி. பெட்டிகளை, அதாவது இணையத்தோடு இணைந்த கருவிகளைச் செய்து பொருத்துவது கொழும்பில் எங்கள் தொழில். பேலியகொடையில் ஒரு மீன் களஞ்சியத்தில் எங்களுடைய ஐந்து பெட்டிகள் பல மாதங்களாகக் குறையின்றி ஓடிக்கொண்டிருந்தன. ஆறாவது பெட்டியைச் சேர்த்த அன்று மாலையிலிருந்து மூன்றாம் அறையின் வரைபடம் அறுந்து அறுந்து வரத் தொடங்கியது. மறை 18 பாகை செல்சியசில் உறைமீன் வைத்திருக்கும் அறை அது. அங்கிருந்து எண் வராத ஒவ்வொரு நிமிடமும் களஞ்சியப் பொறுப்பாளருக்குப் பதற்றம்தான். சிம்மை மாற்றினோம், அன்டெனாவை உயர்த்தினோம், இரும்புக் கதவுதான் சிக்னலை மறைக்கிறது என்று எங்களுக்குள் முடிவுகூடக் கட்டிவிட்டோம். இரண்டு நாட்களுக்குப் பிறகே சேர்வரின் லொக் கோப்பைத் திறந்து பார்த்தோம். இதே பெயரில் ஒரு கிளையன்ட் (சேர்வரோடு இணையும் கருவி) ஏற்கெனவே இணைந்திருப்பதால் பழைய இணைப்பை மூடுவதாக, கருவிகளின் செய்திகளைப் பெற்றுப் பகிரும் திறந்தமூல மென்பொருளான மொஸ்கிட்டோ பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தது.

மூன்றாம் பெட்டியின் மெமரி கார்டை அப்படியே நகலெடுத்து ஆறாவது பெட்டிக்குப் போட்டிருந்தோம். சேர்வரிடம் பெட்டி சொல்லும் பெயரான கிளையன்ட் ஐடியும் அதனோடு சேர்ந்து போய்விட்டது. ஒரே ஐடியுடன் இரண்டாவது கருவி வந்தால் முதலாவதைத் துண்டிக்க வேண்டும் என்பது, இத்தகைய கருவிகள் செய்தி பரிமாறும் எம்.கியூ.டி.டி. நெறிமுறையின் விதி. துண்டிக்கப்பட்ட பெட்டி தானாக மீண்டும் இணையும்போது மற்றது வெளியே தள்ளப்படும். இது இரவு பகலாக நடக்கும். இதைவிடக் கவலைக்குரிய விடயம், கார்டோடு சேர்ந்து, பெட்டியின் அடையாளத்தை நிரூபிக்கும் டிஜிட்டல் சான்றிதழும் நகலாகியிருந்தது. பல பெட்டிகள் ஒரே சான்றிதழைப் பகிர்ந்தால், ஒன்று திருட்டுப் போன நாளில் அனைத்தையும் முடக்குவதைத் தவிர வேறு வழியிருக்காது. ஆகவே நகலெடுக்கும் கார்டில் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. பெட்டி முதன்முதலாக இயங்கும்போது தன் பலகையின் தொடரிலக்கத்திலிருந்து ஐடியை உருவாக்கி, தனக்கென ஒரு சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சம்பவத்தில் மொஸ்கிட்டோவிலும் பிழையில்லை, கிளவுட்டிலும் பிழையில்லை. இரண்டும் தனித்தனியே நன்கு சோதிக்கப்பட்டவை. பிழை பிறப்பது அவை சந்திக்கும் பொருத்தில். அந்தப் பொருத்தைச் செய்பவர்கள் நாமே என்பதால் அதை வேறு எவரும் நமக்காகச் சோதித்துத் தரப்போவதில்லை.

அடுத்த தவறு, எம்.கியூ.டி.டி. என்று எழுதியிருந்தால் எல்லாமே ஒன்றுதான் என்று நம்புவது. 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிப்பதற்கென உருவான இந்த நெறிமுறையில், செய்தி போய்ச் சேர்வதற்கான உறுதி (கியூ.ஓ.எஸ்.) 0, 1, 2 என மூன்று படிகளில் உண்டு. மூன்றாவதான கியூ.ஓ.எஸ். 2, செய்தி ஒரு தடவை மட்டுமே சேரும் என்று உறுதியளிக்கிறது. மொஸ்கிட்டோ அதை முழுமையாக ஆதரிக்கிறது. அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். ஐ.ஓ.டி. கோரோ அதை ஆதரிப்பதில்லை, மைக்ரோசொஃப்ட்டின் அசூர் ஐ.ஓ.டி. ஹப்புக்கு அந்தப் படியில் செய்தி அனுப்பினால் அது இணைப்பையே மூடிவிடும். மேசையில் மொஸ்கிட்டோவுடன் சோதித்து, கியூ.ஓ.எஸ். 2ஐ நம்பிக் கணக்கு எழுதிய நிரல், கிளவுட்டுக்கு மாறிய அன்றே தடுமாறும். செய்தி ஒரு தடவையாவது சேரும் என்று உறுதியளிக்கும் கியூ.ஓ.எஸ். 1ஐ வைத்துக்கொண்டு, ஒரே செய்தி இரண்டு தடவை வந்தாலும் கணக்குப் பிசகாதபடி ஒவ்வொரு செய்திக்கும் இலக்கமிடுவதே என் அனுபவத்தில் நிலைத்து நிற்கும் வழி. செய்தியின் அளவு, டொபிக்கின் (செய்திக்கு இடும் தலைப்பு முகவரியின்) ஆழம் ஆகியவற்றுக்கும் தளத்துக்குத் தளம் எல்லை உண்டு: ஏ.டபிள்யூ.எஸ்.இல் ஒரு செய்தி 128 கிலோபைட்டைத் தாண்ட முடியாது.

பாதுகாப்பில் நான் அடிக்கடி காணும் தவறு பழைய வழிகாட்டிகளிலிருந்து வருகிறது. 2020 டிசம்பரில் வெளியான மொஸ்கிட்டோ 2.0, அமைப்புக் கோப்பு எதுவும் தராவிட்டால் அதே இயந்திரத்திலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். வெளியாருக்குத் திறந்தால் அடையாளம் காட்டாதவர்களை மறுக்கும். இது நல்ல மாற்றம். ஆனால் இணைப்பு மறுக்கப்பட்டதைக் கண்டவுடன், அடையாளமின்றி எவரும் வரலாம் என்ற வரியைச் சேர்த்து மறைகுறியாக்கமில்லாத 1883ஆம் போர்ட்டை (இணைப்பு நுழையும் வாயிலை) திறந்துவிட்டு, பிறகு மூடுவோம் என்று வைத்துவிடுகிறார்கள். அந்தப் ‘பிறகு’ பெரும்பாலும் வருவதில்லை. கருவிகளின் தரவோட்டத்தை உலாவியிலேயே வரைந்து நிரலாக்கும் நோட்-ரெட் கருவியின் 1880ஆம் போர்ட்டும் அப்படித்தான்: கடவுச்சொல் அமைக்காவிட்டால், அங்கே நுழைபவர் உங்கள் தரவைப் பார்ப்பதோடு நிற்காமல் அந்த சேர்வரில் தன் நிரலையும் ஓட்ட முடியும். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொற்களை மாற்றாமல் விட்ட கமராக்களையும் ரூட்டர்களையும் கொண்டே பல பெரிய இணையத்தளங்களை முடக்கியது. முதல் நாள் சோதனையிலிருந்தே 8883ஆம் போர்ட்டையும் மறைகுறியாக்கத்தையும் பயன்படுத்துங்கள். சான்றிதழ்ச் சிக்கல்கள் அலுவலக மேசையிலேயே தலைகாட்டட்டும், களத்தில் வேண்டாம்.

இங்கே மின்வெட்டையும் கணக்கில் எடுக்காமல் எதையும் வடிவமைக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்தடை ஏற்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் திரும்பும் நொடியில் ஒரு பகுதியிலுள்ள பெட்டிகள் அனைத்தும் ஒன்றாக எழுந்து ஒரே சேர்வரின் கதவைத் தட்டும். தோல்வியடைந்தால் ஐந்து நொடியில் மீண்டும் முயல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை எழுதியிருந்தால், அவை ஐந்து நொடிக்கு ஒரு தரம் சேர்ந்தே தட்டும். காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்கி, அதில் எழுமாறான சில நொடிகளையும் கூட்ட வேண்டும்.

மின்வெட்டு இன்னொரு தீங்கையும் சத்தமில்லாமல் செய்கிறது. இத்தகைய பெட்டிகளில் பயன்படும் சிறு கணினிப் பலகையான ராஸ்பெரி பை 4இலும் அதற்கு முந்திய பலகைகளிலும் பற்றரியில் ஓடும் கடிகாரம் இல்லை. மூன்று மணிநேர மின்வெட்டுக்குப் பின் எழும் பலகை, இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெறும்வரை, மின்சாரம் நின்ற வேளையை ஒட்டிய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் எடுத்த அளவீடுகள் பழைய நேரத்துடன் பதிவாகும். நேரவரிசைத் தரவுத்தளமான இன்ஃபுளக்ஸ்டிபியில் ஒரே பெயரும் ஒரே டேக்குகளும் (அடையாளச் சீட்டுகளும்) ஒரே நேரமும் கொண்ட இரண்டாவது பதிவு முதலாவதன் மேல் எழுதப்படும் என்பதால், நேரத்தை நிமிடத்துக்கு முழுமையாக்கிச் சேமிப்பவர்கள் உண்மையான அளவீடுகளையே இழக்கலாம். அதற்கு எந்த எச்சரிக்கையும் வராது. சில நூறு ரூபாய்க்குப் புறக்கோட்டையில் கிடைக்கும் கடிகாரத் தொகுதி ஒன்றைப் பொருத்திவிடுங்கள். நேரத்தை எப்போதும் யூ.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள். இலங்கையின் கடிகாரம் 1996இல் இரண்டு தடவை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் யூ.டி.சி.யைவிட ஐந்தரை மணிநேரம் முந்திய நிலைக்குத் திரும்பியது. ஐந்தரையை நிரலுக்குள் நேரடியாக எழுதுவது நம் நாட்டில் ஏற்கெனவே பொய்த்துப்போன அனுமானம்.

கருவி இலவசம் என்பதால் இணைப்பும் இலவசம் என்று எண்ணுவது செலவில் வரும் தவறு. ஐந்து நொடிக்கு ஒரு செய்தி அனுப்பும் பெட்டி ஒரு நாளில் 17,280 செய்திகள் அனுப்பும். 200 பெட்டிகள் 30 நாட்களில் 10 கோடியே 36 இலட்சத்து 80 ஆயிரம். ஏ.டபிள்யூ.எஸ். ஐ.ஓ.டி. கோர் செய்திகளை 5 கிலோபைட் அலகுகளாகக் கணக்கிடுவதால், 40 பைட் அனுப்பினாலும் ஓர் அலகு போய்விடும். பன்னிரண்டு அளவீடுகளைச் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு செய்தியாக அனுப்பினால் அதே தொகை 86 இலட்சத்து 40 ஆயிரமாகக் குறையும். 2022இல் டொலர் சில வாரங்களில் சுமார் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, பயன்பாடு கூடாமலே பில் பெருத்ததைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் தெரியும்.

உரிமத்தையும் பதிப்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரைபடம் காட்டும் கிராஃபானா 2021இல் தளர்வான அப்பாச்சி உரிமத்திலிருந்து கட்டுப்பாடு கூடிய ஏ.ஜி.பி.எல். உரிமத்துக்கு மாறியது; தரவுத்தளமான ரெடிஸ் 2024இல் தன் உரிமத்தை மாற்றியபோது வால்கீ என்ற கிளை பிறந்தது. இன்ஃபுளக்ஸ்டிபி ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் வினவல் மொழியையே மாற்றியிருக்கிறது. மென்பொருளைப் பொதியாக ஓட்டும் டொக்கரில், புதிய பதிப்பைத் தானாக எடுக்கும் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதிவிட்டு உறங்கப் போகாதீர்கள். பதிப்பு இலக்கத்தைக் குறிப்பிட்டு, உயர்த்தும் நாளை நீங்களே தீர்மானியுங்கள்.

2023 ஓகஸ்ட் 16ஆம் திகதி கூகுள் தன் ஐ.ஓ.டி. கோர் சேவையை நிறுத்தியது. அதன் முகவரியை ஒவ்வொரு கருவியின் நிரலுக்குள்ளும் எழுதியிருந்தவர்கள் ஒவ்வொரு கருவியையும் தொட வேண்டியிருந்தது. பேலியகொடைக்குப் பிறகு நாங்கள் ஒவ்வொரு களஞ்சியத்திலும் ஒரு மொஸ்கிட்டோவை உள்ளேயே வைக்கிறோம். பெட்டிகள் அதனுடன் மட்டுமே பேசும். கிளவுட்டின் முகவரியும் அதன் சான்றிதழும் அந்த ஒரே இயந்திரத்தின் பிரிட்ஜ் (செய்திகளைக் கிளவுட்டுக்குக் கடத்தும் பாலம்) அமைப்புக் கோப்பில் மட்டும் இருக்கும். தளத்தை மாற்ற நேர்ந்தால் ஒரு களஞ்சியத்துக்கு ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். குளிரறைக் கதவைத் திறக்க வேண்டியதில்லை.