பிடிஎஃப்புக்குள்ளேயே மூலக் கோப்பையும் வைத்துவிடலாம்

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஒரு கடிதத்தைத் தட்டி, பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்துத் திருத்த வேண்டி வரும்போது மூலக் கோப்பைக் காணாமல் தேடுபவர்கள் நிறையப் பேர். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

இதற்கு ஒரு வழி லிப்ரே ஆபிஸிலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ், அதில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் போங்கள். வருகிற பெட்டியின் ஜெனரல் பகுதியில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்று ஒன்று இருக்கும், டிக் போட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மற்றவர்களுக்கு அது சாதாரண பிடிஎஃப்தான். ஆனால் அதையே லிப்ரே ஆபிஸில் திறந்தால் பழையபடி அதன் எழுதும் செயலியான ரைட்டரில் வந்து நிற்கும், எழுத்து சிதறாமல் திருத்தலாம். கோப்பின் அளவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

ஒன்று மட்டும் கவனம். உள்ளே போவது முழு மூலக் கோப்பு, அதாவது ஓரத்தில் எழுதிய கமெண்ட், திருத்தங்களைப் பதிவு செய்யும் ட்ராக் சேஞ்சஸில் அடித்து நீக்கிய வரிகள் எல்லாமே கூடவே போகும். அதனால் வெளியாட்களுக்கு அனுப்ப அந்த டிக்கை எடுத்துவிட்டுத் தனியாக ஒரு பிடிஎஃப் போட்டுக்கொள்ளுங்கள்.