சென்னையில் டியூன் செய்த டர்போ ஹேட்ச்பேக்கை அன்றாடம் ஓட்டுவது எப்படி

சிறிய டர்போ காரை வாங்கி, அதன் திறனைக் கூட்டி, அதையே தினமும் அலுவலகத்துக்கு ஓட்ட விரும்புகிறவர் முதலில் இரண்டு நாள்களை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, கத்திரி வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் ஏ.சி.யோடு பத்து நிமிடம் நகராமல் நிற்கும் நாள். மற்றொன்று, மேடவாக்கம் தாண்டி, சாலை எது, கால்வாய் எது என்று தெரியாமல் நீர் நிற்கும் டிசம்பர் இரவு. எந்தப் பாகத்தை மாற்றுவதாக இருந்தாலும், இந்த இரண்டு நாளையும் அது தாங்குமா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. விடியற்காலை ஈ.சி.ஆரில் கார் எப்படிப் பறக்கும் என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. அந்த விடியற்காலை மாதத்தில் ஒரு முறைதான் வாய்க்கிறது.

என்னிடம் இருப்பது 2020-ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டி.எஸ்.ஐ., ஆறு கியர் மேனுவல். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் திறன் 110 பி.எஸ்., முறுக்குவிசை 175 நியூட்டன் மீட்டர். மடிப்பாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு வாரத்தில் ஐந்து நாள் போய் வருகிறது. ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா அல்ட்ராஸ் ரேசர், பழைய அபார்த் புன்டோ போன்ற கார்களை வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

கசப்பான பகுதியை முதலில் முடித்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் அளவுகோலிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். ஒலி, புகை வரம்பை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்கு முடங்கும். ஆகவே சைலன்சரைக் கழற்றி வெறும் குழாய் போடுவது, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை நீக்குவது, ஃபெண்டருக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டு நிற்பது ஆகிய மூன்றையும் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். டயர், பிரேக் பேடு, பிரேக் திரவம், ஆயில் போன்றவற்றைத் தரம் உயர்த்துவதில் இந்தச் சிக்கல் இல்லை என்பதோடு, காரின் குணத்தை அதிகமாக மாற்றுவதும் இவைதாம்.

செய்த மாற்றங்களை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பதிலையும் எழுத்து மூலமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். மறைத்து வைத்துவிட்டு விபத்துக்குப் பிறகு சர்வேயர் முன்னால் விழிப்பதற்கு அது எவ்வளவோ மேல். எஞ்சின் வாரண்டி பாக்கி இருக்கும் காரில் மென்பொருளைத் தொடாமல் இருப்பதே என் யோசனை.

வெயிலும் ரீமேப்பும்

ஸ்டேஜ் 1 ரீமேப் என்று சொல்லப்படுவது பாகம் எதையும் மாற்றாமல் எஞ்சினின் மென்பொருளை மட்டும் மாற்றுவது. டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தத்தையும், பெட்ரோல் அளவையும், தீப்பொறி எழும் நேரத்தையும் அது திருத்தி எழுதுகிறது. விளம்பரத்தில் காட்டும் திறன் எண் பெரும்பாலும் குளிர்ந்த அறையில், பெரிய மின்விசிறிக்கு முன்னால் எடுத்தது. சென்னையின் 40 டிகிரியில் உள்ளே வரும் காற்று சூடாகும்போது, எஞ்சினில் நாக் என்னும் தட்டல் வராமல் இருக்க, கணினியே தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளித் திறனைக் குறைத்துவிடும். கூட்டிய திறனில் ஒரு பகுதி மே மாதத்தில் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க, காரின் கணினித் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி. துளையில் செருகும் சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்று போதும். அதில் உள்வரும் காற்றின் வெப்பம், கூலன்ட் வெப்பம், தீப்பொறி நேரம் ஆகிய மூன்றையும் ஒரு வாரம் கவனியுங்கள். மென்பொருள் மாற்றிய என் காரில் திறந்த வகைக் கூம்புக் காற்று ஃபில்டர் போட்டிருந்த காலத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போது 46 டிகிரி காட்டிய உள்வரும் காற்றின் வெப்பம், பெரும்பாக்கம் சிக்னலில் நின்ற நான்காவது நிமிடத்தில் 69 ஆனது. பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது, மென்பொருள் மாற்றாத காரைவிட மந்தமாகத்தான் அது கிளம்பியது. பானெட்டுக்குள் இருக்கும் சூட்டையே அந்த ஃபில்டர் உறிஞ்சிக் கொண்டிருந்தது. ஃபில்டரை மூடி வைக்கும் பெட்டியான பழைய ஏர்பாக்ஸை மீண்டும் மாட்டி, உள்ளே நல்ல பேப்பர் ஃபில்டர் போட்ட பிறகு அதே இடத்தில் எண் 55-ஐத் தாண்டவில்லை. டர்போவின் சீறல் சத்தம் போய்விட்டது என்பது மட்டும்தான் இழப்பு. அந்தச் சத்தத்துக்காகத்தான் பாதிப் பேர் கூம்பு ஃபில்டர் வாங்குகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, எதை நிரப்பப் போகிறீர்களோ அதை வைத்தே டியூன் செய்யச் சொல்லுங்கள். 2023-இல் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது பங்க்குகளில் வழக்கமாகிவிட்டது. நாக் தட்டலைத் தடுப்பதில் எத்தனால் நல்லது. ஆனால் லிட்டருக்கு அதில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. தூய பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று தேவை என்றால், இந்தக் கலவைக்கு 13.5 அளவில் போதும். அதாவது அதே காற்றுக்கு எஞ்சின் அதிக எரிபொருளைத் தெளிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமல், வெளிநாட்டில் எழுதிய மென்பொருள் ஃபைலை அப்படியே ஏற்றுபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். எக்ஸ்.பி.95, எக்ஸ்.பி.100 போன்ற உயர்ரகப் பெட்ரோல்கள் நகருக்குள் கிடைக்கும். திருச்சிக்குப் போகும் வழியில் திண்டிவனத்தில் இரவு பதினொரு மணிக்கு இறங்கினால் கிடைக்கும் என்று எண்ண முடியாது. எனவே சாதாரண பெட்ரோலுக்கான மென்மையான ஃபைல் ஒன்றையும் டியூனரிடம் கேட்டு வாங்கி, மாற்றிக்கொள்ளும் வசதியோடு வைத்திருப்பது அவசியம்.

ஓட்டும் முறையிலும் ஒரு திருத்தம் வேண்டும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் சிறிய டர்போ எஞ்சின்களில், 1,500 ஆர்.பி.எம்.மில் ஐந்தாவது கியரை வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால், தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அது கொடியது, டியூன் செய்த காரில் அழுத்தம் கூடுதல் என்பதால் இன்னும் கொடியது. முந்த வேண்டுமென்றால் கியரைக் குறைத்துவிட்டு அழுத்துங்கள். ஆயிலைக் கையேடு சொல்லும் 15,000 கி.மீ. வரை காத்திராமல் 7,500-இல் மாற்றிவிடுங்கள். நம் ஊர் நெரிசலில் ஓடோமீட்டர் காட்டுவதைவிட எஞ்சின் உழைத்த நேரம் மிக அதிகம்.

ஏழு கியர் டி.எஸ்.ஜி. என்னும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் உள்ள பழைய 1.2 போலோ வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் உலர் கிளட்ச் 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. டியூனரிடம் திறனைப் பற்றிப் பேசாமல் முறுக்குவிசைக்கு வரம்பு வைக்கச் சொல்லுங்கள். நெரிசலில் முன்னால் உள்ள கார் ஓரடி நகரும்போதெல்லாம் நீங்களும் ஓரடி நகர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடியே தேய்ந்து சூடாகும். பிரேக்கை நன்றாக அழுத்தி நின்று, இரண்டு கார் நீளம் இடைவெளி விழுந்த பிறகு ஒரே மூச்சாக நகருங்கள். அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையத்தான் செய்யும். கிளட்ச் விலையை நினைத்துக்கொண்டால் கோபம் வராது.

உயரம், டயர், பிரேக்

எனக்கு அதிகச் செலவு வைத்தது எஞ்சின் அல்ல, ஸ்ப்ரிங்தான். போலோவின் தரை இடைவெளி 165 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. அதில் 40 மி.மீ. குறைக்கும் ஸ்ப்ரிங்குகளை மாட்டினேன். முறைப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு. அப்படி ஒன்று இருந்தால் கார் தாண்டிவிடும். நம் தெருக்களில் இருப்பதோ, வீட்டு வாசலில் யாரோ மிச்சத் தாரைக் கொட்டி உருட்டிய, ஓரடி அகலத்தில் செங்குத்தாக எழும் மேடு. நான் தனியாகப் போகும்போது தப்பித்த கார், பின் இருக்கையில் அம்மாவும் அத்தையும் கோயம்பேட்டில் வாங்கிய காய்கறி மூட்டையோடு உட்கார்ந்த அன்று, எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங் சரிவில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றது. "இறங்கி நடந்து வரணும்னா நாங்க பஸ்லயே வந்திருப்போமே" என்றார் அத்தை. அடுத்த வாரம் பழைய ஸ்ப்ரிங் திரும்பி வந்தது.

இப்போது பரிந்துரைப்பது இதுதான்: உயரத்தைத் தொடாமல் ஷாக் அப்சார்பரை மட்டும் தரமானதாக மாற்றுங்கள், மனம் கேட்கவில்லை என்றால் 15 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயில்ஓவர் வாங்குவோர், திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று அதன் மரையைத் துருப்பிடிக்க வைத்து இறுக்கிவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மரையைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கிரீஸ் தடவாவிட்டால், பெரிய விலை கொடுத்து வாங்கிய அந்த வசதி ஒரே உயரத்தில் உறைந்துபோகும்.

டயர் விஷயத்தில் கணக்கு எளிது. கம்பெனி அளவான 195/55 ஆர்16-இல் டயரின் பக்கச்சுவர் 195 மி.மீ. அகலத்தில் 55 சதவீதம், அதாவது 107 மி.மீ.; அழகுக்காக 205/45 ஆர்17 போட்டால் அது 92 மி.மீ. ஆகிவிடும். குறைந்த அந்த 15 மி.மீ. ரப்பர்தான் பள்ளத்தின் விளிம்புக்கும் அலாய் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது. மெட்ரோ பணி நடக்கும் சாலைகளில் பள்ளத்தின் மேல் போடும் இரும்புத் தகடுகளின் முனையை இரவில் ஒரு முறை ஏறினால் போதும். பக்கச்சுவரில் நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு எழும். புடைத்த டயருக்குப் பஞ்சர் கடையில் மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும். 16 அங்குலத்திலேயே நின்று, ஈரத் தரையில் நன்றாகப் பிடிக்கும் டயரை வாங்குங்கள். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் மாற்றுங்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் டிராக் டே போகிறவர்கள், போவதற்கு முந்தின வாரமே மாற்றிவிட வேண்டும். வேகத்தின் மேல் ஆசை இருப்பவர்கள் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடமும் அதுவே. நகருக்குள் கார்களுக்கு 60 கி.மீ.தான்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்காவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மை ஒட்டி ஓ.எம்.ஆரில் உருளும்போது, பெரிய எக்ஸாஸ்ட் எழுப்பும் உறுமல் தலைக்குள் வண்டாகக் குடையும். மார்கழி விடியலில் ஒலிபெருக்கித் திருப்பாவையைப் பொறுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மாமா, உங்கள் காரைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

மழைக்காலம்

வேகத்துக்காகச் செய்யும் மாற்றங்களில் சென்னையில் மிக ஆபத்தானது, ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைக்கும் இன்டேக், அதாவது எஞ்சினுக்குக் காற்றை இழுக்கும் குழாய். குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பது உண்மைதான். நீரும் முதலில் அங்கேதான் வரும். சிலிண்டருக்குள் போன நீரைப் பிஸ்டனால் காற்றைப் போல அழுத்த முடியாது; தடுத்து நிறுத்தப்பட்ட விசை முழுவதும் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அப்படியொரு இன்டேக்கோடு வேளச்சேரியில் ஒரு மெக்கானிக்கிடம் போனபோது, அவர் குனிந்து பார்த்து, ஃபில்டரின் அடியில் ஒட்டியிருந்த உலர்ந்த சேற்றை விரலால் சுரண்டிக் காட்டினார்: "தம்பி, இது காத்து குடிக்கிற இடமா, தண்ணி குடிக்கிற இடமா?" அன்றே அதைக் கழற்றச் சொன்னேன்.

நீர் டயரின் பாதி உயரத்துக்கு மேல் இருந்தால் இறங்காதீர்கள். இறங்கிவிட்டால் முதல் கியரில், எதிரே வரும் பஸ் எழுப்பும் அலை அடங்கிய பிறகு, நிறுத்தாமல் மெதுவாகக் கடந்துவிடுங்கள். நடுவில் எஞ்சின் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. நியூட்ரலில் போட்டுத் தள்ளி, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். நீரில் நின்ற எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால் சாதாரண பாலிசி கைகொடுக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை ஆண்டுதோறும் சேர்த்தே புதுப்பியுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் செய்ததைப் போல, காரை முன்கூட்டியே மேம்பாலத்தில் ஏற்றிவிடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்த்தளத்தில் மூழ்கிய கார்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதும் இல்லை.

கழற்றிய கம்பெனிப் பாகம் எதையும் விற்காதீர்கள். பழைய ஸ்ப்ரிங், ஏர்பாக்ஸ், சைலன்சர் அனைத்தையும் துடைத்து, சாக்கில் சுற்றி, எந்தப் போல்ட் எதற்கு என்று எழுதி ஒட்டி வையுங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். கூம்பு ஃபில்டரை முழுவதும் துறக்க மனம் வராத நண்பர் ஒருவர், ஏர்பாக்ஸைப் பரணில் கொலு பொம்மைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நவராத்திரிக்குப் பொம்மைகளை இறக்கும் அன்றே அதையும் இறக்கி மாட்டிவிடுகிறார். பொங்கல் முடிந்த பிறகுதான் அது மறுபடி பரணுக்குப் போகிறது.