24 வோல்ட் லாரியில் வயர்லெஸ் செட்: எர்த்தில்தான் எல்லாம்

லாரியில் பொருத்திய வயர்லெஸ் செட் கரகரத்தால் முதல் சந்தேகம் ஆன்டெனா மீது விழும். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் நெகட்டிவ், அதாவது எர்த், ஒயரில்தான் கோளாறு இருக்கும். பாசிட்டிவுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட யாரும் எர்த்துக்குக் காட்டுவதில்லை.

இங்கே சொல்வது 50 வாட் வி.எச்.எஃப். (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) மொபைல் செட்டுக்கு, அதாவது வண்டியில் பொருத்தும் செட்டுக்கு. அது 13.8 வோல்ட்டில் ஓடும், பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். முறையான உரிமம் இருக்கிறது என்ற கணக்கில் வயரிங்குக்குப் போவோம்.

லாரியில் இருப்பதோ இரண்டு 12 வோல்ட் பேட்டரி, தொடராக 24 வோல்ட். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்ளும் குறுக்கு வழி எல்லா ஊரிலும் உண்டு. செய்யாதீர்கள். செட் உறிஞ்சும் பேட்டரி எப்போதும் அரைச் சார்ஜிலேயே கிடக்கும். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும்.

தேவை ஒரு 24-க்கு-13.8 வோல்ட் கன்வெர்ட்டர். தொடர்ந்து 15 ஆம்பியராவது தரக்கூடியதாக இருக்கட்டும். அட்டையில் போட்டிருக்கும் உச்ச அளவை நம்ப வேண்டாம். கன்வெர்ட்டரைப் பேட்டரிப் பெட்டி அருகே வைக்காமல் கேபினுக்குள், செட்டுக்குப் பக்கத்தில் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். நீளமான ஒயர் 24 வோல்ட் பக்கம் இருந்தால் அதில் ஓடுவது 7, 8 ஆம்பியர்தான். அரை வோல்ட் குறைந்தாலும் கன்வெர்ட்டர் சரிக்கட்டிவிடும். அதே இழப்பு 12 வோல்ட் பக்கம் நேர்ந்தால் நேராகச் செட்டைப் பாதிக்கும்.

பாசிட்டிவுக்கு 4 ச.மி.மீ. செம்பு ஒயர். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸைக் கேபினில் வைத்தால், வழியில் சேஸில் உரசி ஷார்ட் ஆகும் ஒயரை யார் காப்பது? சாவியோடு வேலை செய்யும் 24 வோல்ட் ரிலே ஒன்றையும் நடுவில் போடுங்கள். கன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். கேபின் சாயும் இடத்தில் ஒயரைத் தளர்வாக வளைத்துவிடுங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (துளை ஓரத்தில் மாட்டும் வளையம்) வேண்டும்.

இனி நெகட்டிவ். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் நேராக மாட்டக் கூடாது. பேட்டரியை வண்டியிலிருந்து துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் பல லாரிகளில் நெகட்டிவ் பக்கம்தான் இருக்கிறது. அதை அணைத்திருக்கும்போது யாராவது செல்ஃப் அடித்தால், திரும்பும் கரண்ட்டுக்குச் சேஸிலிருந்து பேட்டரிக்கு வேறு பாதை இல்லை. ஆன்டெனா கேபிளின் உலோகப் பின்னல் உறை வழியாகச் செட்டுக்குள் புகுந்து, உங்கள் மெல்லிய நெகட்டிவ் ஒயரில் வெளியேறும். ஒயர் உருகும், செட்டின் போர்டும் கருகும். பேட்டரி எர்த் பட்டை துருப்பிடித்துத் தளர்ந்தாலும் இதே கதைதான். எனவே அந்தப் பட்டை சேஸில் போல்ட் ஆகும் இடத்தில், சுவிட்சுக்கு அப்பால், நெகட்டிவைச் சேருங்கள். பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பான இரும்பைக் காட்டி, ஒயர் நுனியில் கிரிம்ப் செய்த (நசுக்கிப் பொருத்திய) லக், பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். இதற்காகச் சேஸில் புதுத் துளை போடாதீர்கள், இருக்கும் போல்ட் போதும்.

கேபின் ரப்பர் புஷ்மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேஸுக்கும் ஒரு அங்குல அகலப் பின்னல் எர்த் பட்டை தனியாகப் போடுங்கள். ஆன்டெனா கூரையின் நடுவில் நிற்கட்டும். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால்அலைக் கம்பி (அலைநீளத்தில் கால் பங்கு) சுமார் 49 செ.மீ.; அதைச் சுற்றி அதே அளவு ஆரத்துக்கு உலோகத் தகடு வேண்டும். மரமோ ஃபைபரோ ஆன கூரை என்றால் அடியில் அலுமினியத் தகடு பதிக்காமல் பயனில்லை. ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள் 5 மீட்டர் போனாலே சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், ஆகவே வேண்டிய நீளம் மட்டும் விடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருவதைக் காட்டும் அளவு) 1.5-க்குள் வரும்வரை கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

சோதிக்க, மல்டிமீட்டரை 2 வோல்ட் டி.சி.யில் வைத்து, கட்-ஆஃப் சுவிட்சை ஆன் செய்த நிலையில், ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைச் செட்டின் உலோக உடலிலும் தொட்டு மைக்கை அழுத்துங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஒரு லக் தளர்வு.

ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆன்டெனா கேபிளைக் கழற்றியும் அது நின்றபாடில்லை என்றால் பவர் ஒயர் வழியே வருகிறது. பவர் ஒயரில் செட்டின் கரண்ட்டைத் தாங்கும் இரைச்சல் ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். இன்ஜின் அணைந்த பின்னும் இரைச்சல் கேட்டால் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியில் செட்டை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாடி வேலைக்கு விடும்போது மறக்கக் கூடாதது ஒன்று: வெல்டிங் தொடங்குமுன் செட்டின் பவர், ஆன்டெனா இரண்டு இணைப்பையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.