குழுவை விட்டுத் தனியாகப் பாடியவரின் சோக ஆல்பம்: விமர்சனங்களை வாசிக்கும் முறை

இசைக்குழு ஒன்றின் குரலாகப் பல ஆண்டுகள் அறியப்பட்டவர் தனியாக ஓர் ஆல்பம் வெளியிடும்போது, விமர்சகர்கள் எழுதுவதில் பெரும்பகுதி குழுவின் நினைவிலேயே செலவாகிறது. ஆல்பம் சோகமானதாகவும் அமைந்துவிட்டால், எஞ்சிய இடத்தைப் பாடியவரின் சொந்த வாழ்க்கை எடுத்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் விலக்கிவிட்டு இசையைப் பற்றி உண்மையில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று கண்டுகொள்வதற்குச் சற்றுப் பயிற்சி வேண்டும். அதற்குப் பொருத்தமான உதாரணமாக, போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸ் 2024 மே மாதம் வெளியிட்ட 'லைவ்ஸ் அவுட்க்ரோன்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளலாம்.

விமர்சனத்தைத் திறப்பதற்கு முன் குழுவின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் குழுவான போர்ட்டிஸ்ஹெட்டின் முதல் ஆல்பமான 'டம்மி' 1994-இல் வெளிவந்து, மறு ஆண்டு, பிரிட்டன், அயர்லாந்துக் கலைஞர்களின் ஆல்பங்களுக்குத் தரப்படும் மெர்க்குரி பரிசைப் பெற்றது. மூன்றாவது ஆல்பம் 2008-இல் வந்தது. அதன்பின் புதிய ஆல்பம் எதுவும் வரவில்லை. ஆகவே 2024-இல் எழுத உட்கார்ந்த விமர்சகரின் மனத்தில் பதினாறு ஆண்டுக் காத்திருப்பும் சேர்ந்தே இருந்தது. இந்த ஆல்பத்தைக் குறிக்கப் பயன்படும் 'முதல் தனி ஆல்பம்' என்ற சொல்லையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. டாக் டாக் என்ற பிரிட்டன் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த பால் வெப், ரஸ்டின் மேன் என்ற பெயரில் கிப்பன்ஸுடன் இணைந்து உருவாக்கிய 'அவுட் ஆஃப் சீசன்' 2002-லேயே வந்துவிட்டது. போலந்து இசையமைப்பாளர் கோரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியை அவர் பாடிய பதிவும் 2019-இல் வெளியானது. இவற்றை மறந்துவிட்டு 'நீண்ட மௌனத்துக்குப் பின்' என்று தொடங்கும் கட்டுரையைச் சற்று எச்சரிக்கையோடு வாசிப்பது நல்லது.

அடுத்து, கையில் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, விமர்சகர் தம் காதால் கேட்டு எழுதிய வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு இடுங்கள். இந்த வழிமுறையில் முதன்மையானது இதுதான் என்பது என் கருத்து. இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த லீ ஹாரிஸும் டாக் டாக் குழுவைச் சேர்ந்தவரே. ஸ்னேர் டிரம்மின் வெட்டொலியிலிருந்தும், 'டம்மி'யை அடையாளப்படுத்திய பிரேக்பீட்டிலிருந்தும் (டிரம்ஸ் துண்டொன்றை வெட்டி மீண்டும் மீண்டும் ஓடவிடும் தாளம்) விலக வேண்டும் என்று கிப்பன்ஸ் விரும்பியதால், திரைச்சீலைகள் அடைத்த பெட்டியும், பயேயா என்ற ஸ்பானிய அரிசி உணவைச் சமைக்கும் அகன்ற பாத்திரமும் தாளக்கருவிகளாயின. துணி அடைத்த பெட்டியைத் தட்டினால் ஒலி நீண்டு ஒலிக்காமல் அப்போதே அடங்கிவிடும்; இந்த ஆல்பத்தின் தாளம் சுவருக்கு அந்தப்புறமிருந்து வருவதுபோல் எனக்குக் கேட்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 'இருண்ட, மனத்தை உருக்கும் இசை' என்று எழுதுவதற்கு ஆல்பத்தைக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. தாளம் ஏன் இப்படி அமுங்கிக் கேட்கிறது என்று எழுதுவதற்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சொந்த வாழ்க்கையைப் பேசும் பத்திகளில் இன்னும் நிதானம் தேவை. மரணம், தாய்மை, மாதவிடாய் நிற்கும் பருவம், பல விடைபெறல்கள் ஆகியவையே இந்தப் பாடல்களின் பின்னணி என்று கிப்பன்ஸே ஆல்பத்தை அறிமுகப்படுத்தியபோது சொல்லியிருந்தார். ஒரே விளக்கம் ஐந்து விமர்சனங்களில் வந்தால், ஐந்து பேர் தனித்தனியே கண்டுபிடித்ததாக எண்ணிவிடக் கூடாது. ஒரே செய்திக்குறிப்பு ஐந்து மேசைகளுக்குப் போயிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். அந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு விமர்சகர் பாடலுக்குள் எவ்வளவு தூரம் போகிறார் என்று பாருங்கள். 'ஃப்ளோட்டிங் ஆன் எ மொமென்ட்' பாடலில், நாம் அனைவரும் எங்கும் போய்ச் சேராத பயணத்தில் இருக்கிறோம் என்னும் பொருள்படும் வரியில் குழந்தைகளின் குரல்களும் சேர்கின்றன. முதுமையின் துயரமாக மட்டும் இந்த ஆல்பத்தைப் படிக்கும் விமர்சகர், அந்தக் குரல்களுக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

துயரமெல்லாம் பாடகரின் சொந்தத் துயரமே என்று கொள்வதும் பிழை. ரேடியோஹெட் பாடகர் தாம் யார்க் 2006-இல் வெளியிட்ட 'தி இரேசர்' ஆல்பத்தில் மிகவும் கனமான பாடல்களில் ஒன்றான 'ஹாரோடவுன் ஹில்', ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்ட விவகாரத்தில் சிக்கி, 2003-இல் இறந்து கிடந்த பிரிட்டன் ஆயுத ஆய்வாளர் டேவிட் கெல்லியைப் பற்றியது. அதைப் பாடகரின் மனச்சோர்வு என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் பாடலின் கோபம் தொலைந்துபோகும். 'தனி ஆல்பம்' என்ற சொல்லையே யார்க் விரும்பவில்லை. இருந்தும், அதை ரேடியோஹெட்டோடு ஒப்பிடாமல் எழுதுவது விமர்சகர்களுக்கு எளிதாக இருக்கவில்லை.

மதிப்பெண்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல இதழ்களின் விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளம் வெவ்வேறு அளவுகோல்களை நூற்றுக்கு மாற்றி, சில இதழ்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி காண்பதால், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் அங்கே 60 ஆகி, பள்ளித் தேர்வில் எடுத்த சுமாரான மதிப்பெண்ணைப் போலத் தோன்றும். எண்ணைக் கடைசியில் பாருங்கள். பரிசுப் பட்டியலையும் தனியான சான்றாகவே வையுங்கள்: கிப்பன்ஸின் ஆல்பமும் யார்க்கின் ஆல்பமும் தத்தம் ஆண்டுகளில் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றன, ஆனால் 2006-இல் ஆர்க்டிக் மங்கீஸ் குழுவும் 2024-இல் இங்கிலிஷ் டீச்சர் குழுவும் பரிசைக் கொண்டுபோயின.

கடைசியாக, விமர்சனம் வெளியான தேதியைப் பார்க்க மறக்காதீர்கள். வெளியீட்டு வாரத்தில் வருவது பெரும்பாலும் சில முறை மட்டுமே கேட்டு எழுதப்பட்டது. மெதுவாகத் தன்னைத் திறந்துகாட்டும் சோக ஆல்பத்துக்கு அந்த அவசரம் ஒத்துவராது. அதே இதழ் டிசம்பரில் ஆண்டின் சிறந்த ஆல்பங்களைப் பட்டியலிடும்போது என்ன எழுதியது என்று தேடி எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, போர்ட்டிஸ்ஹெட் என்ற பெயர் மே மாதம் எத்தனை முறை வந்தது, டிசம்பரில் எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.