ஷிஃப்ட் மாறும் நேரத்துச் சண்டையை நிறுத்தியது எப்படி?

எங்கள் குழுவில் பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் முகம் கொடுத்துப் பேசாத நிலை. "அப்பவே சொன்னேனே" என்பார் ஒருவர், "யாரிடம் சொன்னீங்க?" என்பார் மற்றவர். மேலாளர் சமாதானம் பேசியதெல்லாம் கொஞ்ச நாள்தான் தாங்கியது.

பொறுப்பு என்னிடம் வந்ததும், யார் மேல் தப்பு என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, தகவல் எங்கே தவறிப்போகிறது என்று கவனித்தேன். வேலையை ஒப்படைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான். கிளம்புகிறவர் பையை மாட்டிக்கொண்டே சொல்கிறார். வந்தவர் கணினியைத் திறந்தபடியே "சரி, சரி" என்கிறார். இருவருமே நல்ல வேலைக்காரர்கள் என்பதுதான் வருத்தம்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை சொல்லும் உயரத்தையும் ஓடுபாதை எண்ணையும் விமானிகள் திருப்பிச் சொல்வார்கள். தப்பாகக் காதில் விழுந்திருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். அந்த முறையையே எங்கள் குழுவிலும் கொண்டுவந்தேன். முடியாத வேலை என்ன, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறோம், அடுத்து யார் செய்வது என்று போகிறவர் எழுதித் தர வேண்டும். வருகிறவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"நாங்க என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா?" என்று மூத்தவர் ஒருவர் கோபப்பட்டார். கோபம் நியாயம்தான். தனியாகப் பேசி, தொடக்கத்தில் அவரையே நடத்தித் தரச் சொன்னேன். "வாடிக்கையாளரை நாளைக்குக் கூப்பிடணும்" என்றார். இரவு ஷிஃப்ட்காரர், "சரி, ராத்திரி 12 மணி தாண்டியதும் கூப்பிடுகிறேன்" என்று திருப்பிச் சொன்னார். "ஐயோ, காலை 10 மணிக்கு மேல!" என்று பதறியவர், அப்புறம் எதிர்ப்பே சொல்லவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த முறையை இப்போது அவர்தான் சொல்லித்தருகிறார்.