வீட்டில் எல்லாரும் சேர்ந்து பாட்டுக் கட்டுவது எப்படி? (குடை கூடையான கதை)

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தும் எங்கள் நாலு பேரால் உருப்படியாக ஒரு பாட்டு எழுத முடியவில்லை. நாலாவது வாரம் வந்த பாட்டைச் சின்னவன் இன்னும் செருப்பு மாட்டும்போது பாடிக்கொண்டிருக்கிறான். அது எப்படி வந்தது என்று எழுதிவைக்கிறேன்.

1. ஒரு தொல்லையைப் பிடியுங்கள்

'அன்பு', 'குடும்பம்' என்று தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். காணாமல் போகும் சாவி, ஒற்றைக் காலுறை, சார்ஜருக்கு நடக்கும் சண்டை மாதிரி எதையாவது எடுங்கள். ஆளுக்கொரு புகார் சொல்லட்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், இலக்கணம் திருத்த வேண்டாம். நோட்டும் பென்சிலும் போதும். போனில் எழுதினால் ஒருவர் கையில்தான் பாட்டு இருக்கும், மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

2. மெட்டு

தெரிந்த பாட்டின் மெட்டு வேண்டாம். பழைய வரிகள் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கீபோர்டு இருந்தால் (போன் செயலியும் சரி) கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை 'ச' என்று வைத்தால், கிடைக்கும் ஐந்து சுரங்களும் மோகன ராகம். எந்தக் கட்டையில் விரல் விழுந்தாலும் காதை உறுத்தாது. இப்போதைக்குச் சொற்கள் இல்லாமல் 'தான தன்னா' என்று மட்டும் பாடுங்கள்.

3. சொல்லை மெட்டில் உட்கார வைப்பது

நான் மூன்று வாரம் சிக்கிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

எங்கள் முதல் வரி 'குடை மறந்து போனோம்'. மெட்டின் முதல் சுரமோ நீண்டது. எல்லாரும் சேர்ந்து பாடியதும் 'கூடை மறந்து போனோம்' ஆகிவிட்டது. "எந்தக் கூடை?" என்று சின்னவன் கேட்டான். அடுத்த வரியில் 'பல் விளக்கு' இருந்தது. அது 'பால் விளக்கு' ஆனதும் பெரியவள் சிரித்து உருண்டுவிட்டாள், அன்றைய வேலை அதோடு முடிந்தது.

காரணம் எளிது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும், தமிழில் சொல்லே மாறிப்போகும். மலை மாலையாகும், கல் காலாகும். ஆகவே நீண்ட சுரத்தின்மேல் நெடிலை வையுங்கள். அல்லது குறிலும் ஒற்றும் சேர்ந்து, பின்னால் இன்னோர் எழுத்தும் வரட்டும். 'பல்' என்பதைப் 'பல்லை' என்று மாற்றினால் அழுத்தமாக நிற்கும். குடையை விட மனசில்லை என்றால் முன்னால் ஒரு சொல் சேர்த்து நகர்த்துங்கள்: 'மஞ்சள் குடை'. சொல்லின் கடைசி எழுத்தை இழுப்பதில் அவ்வளவு ஆபத்தில்லை. முதல் எழுத்தில்தான் கவனம் வேண்டும்.

'தான தன்னா தான தன்னா' என்ற அளவுக்கு எங்களுக்கு வந்தது இது:

சாவி எங்கே சாவி எங்கே
தாவி வந்தே தேடு கண்ணே
பையில் இல்லே கையில் இல்லே

மூன்றாவது வரி சின்னவனுடையது. வாசலில் நின்று உண்மையிலேயே அப்படித்தான் கத்தினான்.

(என் அக்கா முறையாகப் பாட்டுக் கற்றவள். தாளக் கணக்கில் 'சாவி' மூன்று, 'எங்கே' நாலு, ஆக ஏழு. தெரியாமலே மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் கட்டியிருக்கிறீர்கள் என்றாள். நாங்கள் வெறுமனே கை தட்டிக்கொண்டிருந்தோம்!)

4. எதுகை

வரியின் கடைசியில் ஒரே ஓசை வர வேண்டும் என்று பலர் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு எதுகைதான் பிடிக்கும். சாவி, தாவி என்று இரண்டாம் எழுத்து ஒன்றினால் வரியின் தொடக்கத்திலேயே பிடி கிடைத்துவிடும். குழந்தைகளுக்கும் அடுத்த வரி சட்டென்று ஞாபகம் வரும். 'கூவி', 'ஆவி' என்று அவர்களே அடுக்கத் தொடங்குவார்கள். பொருந்தாததைத் தள்ளும் வேலையைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டேன், ஈவு இரக்கமே இல்லை அவளுக்கு.

5. பதிவு

முதல் முணுமுணுப்பிலிருந்தே போன் ரெக்கார்டர் ஓடட்டும். எங்கள் இரண்டாவது வாரத்து மெட்டு நன்றாகத்தான் இருந்தது. காலையில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

பின்சேர்க்கை: கறுப்புக் கட்டையில் தொடங்கினால் குழந்தைக்குக் குரல் எட்டவில்லை என்று பின்னூட்டத்தில் இருவர் எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டையின் சுருதி பாடகர்கள் கணக்கில் 'நாலரைக் கட்டை', சின்னக் குழந்தைகளுக்கு மேல் சுரங்கள் உயரம்தான். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி, குழந்தை கத்தாமல் பாடும் வரை இறக்குங்கள். விரல்கள் அதே கறுப்புக் கட்டைகளில்தான் இருக்கும். அப்பாக்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அவர் அதுவும் முடியாது என்று கை தட்டும் வேலையை எடுத்துக்கொண்டார்.